நாலு மணிக்குத் தாவும் கோடு

ராஜ்கோட்டில் மதியத் தூக்கத்தின் விலை ஒரு கோடி ரூபாய். வாங்க ஆள் வந்தாலும் விற்க ஆள் இல்லாததால் விலை ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. பகல் ஒரு மணிக்குக் கடைத்தெருவில் ஷட்டர்கள் சடசடவென்று விழும். அதற்குப் பின் நாலு மணிவரை மகாலட்சுமியே வந்து கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து பதிலாக வருவது குறட்டைதான். வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். சோம்பேறி ஊரா நாட்டுக்கெல்லாம் லேத்தும் டீசல் இஞ்சினும் செய்து அனுப்பும்? தூங்குகிற நேரத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, ஊரின் நாணயம் கெடாமல் இருப்பதே அதனால்தான் என்பது சபில்தாஸ் சேஜ்பாலின் கட்சி.

சபில்தாஸ் புடவை மொத்த வியாபாரி. கீழ்த்தளத்தில் கிடங்கு, அதற்கு மேல் வீடு, அதற்கும் மேலே ஓர் அறை. அந்த அறைதான் அவர் மனைவி ரசீலாபென்னின் ராஜ்ஜியம். அங்கே மாவரைக்கும் கிரைண்டரைவிடச் சற்றே பெரிதாக ஒரு சிறிய மில்லிங் மிஷின் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்குக் கட்டர் போகும், வெட்டும், திரும்பும். மூடிப்போன ஒரு பல் கட்டும் கூடத்திலிருந்து ரசீலாபென் பேரம் பேசி வாங்கியது. பேரத்தின் முடிவில் அந்தக் கூடத்துக்காரன் மிஷினோடு ஒரு முக்காலியையும் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினான் என்றால், அம்மாள் எந்தக் குலத்தில் பிறந்தவள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு சுவர்க் கடிகாரம் செய்துகொண்டிருந்தாள். பெட்டி, ஊசல், முள், சக்கரம், எல்லாமே தன் கையால். கடையில் இதைவிட நல்ல கடிகாரம் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. எல்லாவற்றையும் மீட்டர் போட்டு அளந்து விற்கிற வீட்டில், விற்பதற்கில்லாமல் ஒரு பொருள் பிறக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளே சிரிப்பாள்.

முதல் இரண்டு சக்கரங்கள் வெண்ணெய் வெட்டியதுபோல வந்தன. மூன்றாவது சக்கரத்தில் வினை பிடித்தது. அதற்கு அறுபது பல். வட்டமான பித்தளைத் தகட்டை, 'சக்' என்ற சுழலும் பிடியில் கவ்வவைத்தால், ஒரு பல்லை வெட்டியதும் சக் அளவாக ஒரு நறுக்குத் திரும்பும், அடுத்த பல். அறுபதாவது பல்லை வெட்டும்போதுதான் விஷயம் வெளிப்படும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் இலையில் விழுந்த லட்டு மாதிரி, அந்தப் பல் பாதியாக இருக்கும். நடுவில் எங்கோ சக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்பதுதான் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு நாள் பதினைந்தாவது பல்லுக்குப் பக்கத்தில், மறுநாள் நாற்பதைத் தாண்டி.

யோசனை சொல்ல ஆள் வந்தார்கள். ராஜ்கோட்டில் மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால், மனிதருக்குச் சரியில்லை என்பதைவிட அதிகம் பேர் பார்க்க வருவார்கள். முதலில் வந்தவன் அவளுடைய மாமா மகன் பராக். மிஷின் சாமான் கடை வைத்திருப்பவன்.

"ரசீலாபென், இது ஸ்க்ரூ கோளாறு. பழசைத் தூக்கிப் போட்டுட்டு, உள்ளே குண்டு உருளற பால் ஸ்க்ரூ மாட்டுங்க. பட்டு மாதிரி ஓடும்."

"ஏன்டா, தப்பு பண்றது சுத்தற சக்கு. அதுல எங்கடா ஸ்க்ரூ இருக்கு?"

"ஒண்ணு ஆடினா எல்லாம் ஆடும் பென். உடம்புல கால் வலிச்சா தலை வலிக்கறதில்லையா?"

"உன் கடையில இருக்கா அது?"

"நேத்துதான் வந்து இறங்கிச்சு! உங்களுக்குன்னா அரை விலை."

அரை விலை என்ற சொல் காதில் விழுந்தால் ரசீலாபென்னின் புத்தி கொஞ்சம் கண்ணயரும். பிறந்த வீட்டுச் சீதனம் அது. ஸ்க்ரூ வந்தது. பல் சரியாகவில்லை. பிறகு பராக்கின் நண்பன் ஒருவன் மோட்டாருக்குப் பலம் போதாது என்றான். அவன் மோட்டார் விற்பவன். இன்னொருவர் அடியில் கனம் வேண்டும் என்று ஒரு கிரானைட் பலகையை நாலு பேர் தூக்கிவரச் செய்தார்; அவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. எல்லாரும் மாலை டீக்குப் பிறகு வந்தார்கள், கடலைமாவுக் காட்டியா தின்றார்கள், தட்டைக் காலி செய்துவிட்டு மருந்தை விற்றார்கள். மிஷின் இப்போது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. அறுபதாவது பல் மட்டும் அன்று மாதிரியே அரைப்பல்.

சபில்தாஸ் ஒரு நாள் படியேறி வந்து, உதவாமல் போன சக்கரங்கள் கிடந்த டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"ரசீலா, பார்சல்ல துணி குறையுதுன்னு சொன்னா நான் மொதல்ல மீட்டர் கோலை எடுத்துப் பார்ப்பேன். நீ கடைக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்க."

"கிண்டல் பண்ணத்தான் படியேறி வந்தீங்களா?"

"இல்ல. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். கிர்தர்பாய்னு ஒருத்தர், கவரிங் நகை பண்றவரு. இந்த மிஷினைக் கேக்கறாரு. நகையில பூ வெட்டறதுக்கு." அவள் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தார். "கல்யாண சீசன் வருது, எனக்கும் ஒரு ரூம் வேணும். அதுமட்டுமில்ல. நீ சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? சாப்பிடறப்பகூடப் பல்லை எண்ணிக்கிட்டு இருக்க."

கடைசி வாக்கியம் உண்மையானதால் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் முந்திக்கொண்டது.

"வரச் சொல்லுங்க அவரை. அவர் கண்ணு முன்னாலேயே ஒரு சக்கரம் வெட்டிக் காட்டறேன். கடைசிப் பல்லு சரியா வந்தா இந்த மிஷினைப் பத்தி இனிமே வாயே திறக்கக் கூடாது. வரலைன்னா அவரோட டெம்போவுல நானே ஏத்திவிடறேன்."

"வாக்கா?"

"வாக்கு."

சௌராஷ்டிர வியாபாரியிடம் பத்திரம் கேட்டால் பத்து ஓட்டை வைத்து எழுதிக் கொடுப்பான். வாக்கு கேட்டால்தான் யோசிப்பான். இருவருமே யோசிக்காமல் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி.

அன்றிரவு ரசீலாபென் புருஷன் சொன்ன மீட்டர் கோலை நினைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் கட்டரைக் கழற்றிவைத்துவிட்டாள். வெட்டுவதை நிறுத்து, முதலில் அள. சக்கின் மீதும் அதைத் தாங்கும் உடம்பின் மீதும் சேர்த்து ஒரே கோடாக கூர்நுனிப் பேனாவால் ஒரு கீற்றுப் போட்டாள். சக்கை அறுபது நறுக்கும் வெறுமனே சுற்றவிட்டால் இரண்டு பாதிக் கோடும் மறுபடி ஒன்றாகச் சேரவேண்டும். புடவையில் நூல் எண்ணுவதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடியைப் புருஷனின் மேஜையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து, கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். காலையில் ஒரு மயிரிழை விலகியது. மாலையில் இரண்டு இழை. ஒரு தடவை சரியாக நின்று, அடுத்த தடவை ஏமாற்றியது. திருடனுக்கு முறை ஒன்று இருந்தால் பிடித்துவிடலாம். இவனுக்கு முறையே இல்லை. புதன்கிழமை முடிந்தபோது டப்பாவில் மிச்சமிருந்த நல்ல தகடுகள் இரண்டு.

மதியத்தில் அவள் ஓட்டிப் பார்த்ததே இல்லை. ஓட்டக் கூடாது. நேர்க்கீழே மாமனார் தூங்குவார். பாபுஜிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "வஹு, நான் செத்தா அழு, தூங்கினா பேசாதே" என்று மருமகள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே சட்டம் போட்டவர்.

வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வேறு வழியில்லை. ஐந்து மணிக்கு முன்னால் ஒரு தகட்டையாவது வெட்டி, எந்த இடத்தில் தப்பு வருகிறது என்று பார்த்தாகவேண்டும். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டை மடித்து கிரானைட்டுக்கு அடியில் திணித்தாள். ஜன்னலைச் சாத்தினாள். தெரு செத்துக் கிடந்தது. கிடங்கில் கணக்குப்பிள்ளை கல்லாப்பெட்டி மேல் தலைவைத்து உறங்கினார். மிஷின் பூனை மாதிரி முனகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தது.

நாற்பதைத் தாண்டியது. ஐம்பது. அறுபதாவது வெட்டு இறங்கி ஏறியபோது பல் முழுப்பல்லாக, அக்கம்பக்கத்துப் பற்களின் கூடப் பிறந்ததாக நின்றது.

வேறொருத்தியாக இருந்தால் சாமி படத்துக்கு ஓடியிருப்பாள். ரசீலாபென் வியாபாரி வீட்டுப் பெண். வராத கடன் திடீரென்று வாசலில் வந்து நின்றால், நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கட்டரையும் கழற்றினாள். வெறும் சக்கைச் சுற்றவிட்டு மடக்குக் கண்ணாடியால் கோட்டைப் பார்த்தாள். சேர்ந்தது. மறுபடி. சேர்ந்தது. எத்தனை தடவை சுற்றினாலும் கோடு நல்ல பிள்ளையாக வந்து நின்றது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு திருகாணியைக்கூட அவள் தொடவில்லை. என்ன மாறியது?

அப்படியே கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் நின்றிருந்தது. தெருவில் முதல் ஷட்டர் ஏறியது. நாலு மணி. ஒன்றன்பின் ஒன்றாக ஊர் கொட்டாவி விட்டது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ இருமினார்கள். அப்புறம் ஜன்னல் கண்ணாடியில் நீல ஒளி ஒன்று சடசடவென்று பளீரிட்டது.

கோடு தாவியது.

யாரும் சுற்றச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. மறுபடி நீல ஒளி. மறுபடி ஒரு தாவல், எறும்பு கடித்ததுபோல. ரசீலாபென் மெதுவாகத் தலையை நிமிர்த்தி ஜன்னலைத் திறந்தாள். கீழே பொது முற்றத்தில் பக்கத்துப் பட்டறை வால்ஜி இரும்புக் கேட் ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான்.

"வால்ஜிபாய்!"

அவளை அண்ணி முறை வைத்து அழைப்பவன் முகமூடியைத் தூக்கினான். "என்ன பாபி?"

"இன்னொரு தடவை நெருப்பு வை!"

"வேலையே அதுதானே பாபி."

"நான் சொல்றப்ப வை. நிறுத்துன்னா நிறுத்து."

"வீட்டுல சபில்தாஸ்பாய்கிட்ட பேசற மாதிரியே எங்கிட்டயும் பேசறீங்க" என்றான். ஆனாலும் செய்தான். அவன் நெருப்பு வைத்த போதெல்லாம் கோடு தாவியது. நிறுத்திய போதெல்லாம் நின்றது.

திருடன் ஊரறியக் கூரைமேல் நின்றுதான் திருடியிருக்கிறான். அவன் தூங்கும் நேரத்தில் ஊரும் தூங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. வந்த வைத்தியர்கள் எல்லாரும் டீ நேரத்துக்கு வந்தவர்கள்.

ஆனால் முதல் இரண்டு சக்கரங்கள் வெட்டியபோதும் வால்ஜி இங்கேதானே இருந்தான்? ரசீலாபென் மிஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இரண்டு சக்கரங்களும் முடிந்தபின், தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது, தரையில் பாம்புக்குட்டிகளாகக் கிடந்த ஒயர்களையெல்லாம் அவளே ஒன்றுசேர்த்து, பார்சல் கட்டும் கயிற்றால் முழத்துக்கொரு முடிச்சுப் போட்டுக் கச்சிதமாகக் கட்டியிருந்தாள். கரண்ட் வரும் ஒயர், கட்டர் மோட்டார் ஒயர், சக்குக்கு ஆணை கொண்டுபோகும் மெல்லிய ஒயர், எல்லாம் ஒரே ஜடையில். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்று சபில்தாஸ்கூடப் பாராட்டினார். வால்ஜியின் நெருப்பு கரண்ட் ஒயரில் உதறுகிறது. பக்கத்தில் கட்டிப்போட்ட மெல்லிய ஒயரும் கூடச் சேர்ந்து உதறுகிறது. அந்த உதறலை ஆணை என்று நம்பி சக்கின் மோட்டார் ஒரு மயிரிழை திரும்புகிறது. போதாக்குறைக்கு அவள் வீட்டுக்கும் வால்ஜி பட்டறைக்கும் ஒரே எர்த் குழி.

ஐந்து மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரமிருந்தது.

அவள் முற்றத்துக்கு இறங்கி வந்தபோது விஷயத்தைக் கேட்ட வால்ஜி பெருந்தன்மையோடு முகமூடியைக் கழற்றி வைத்தான்.

"இவ்வளவுதானே பாபி? அஞ்சு மணிக்கு நான் டீ குடிக்கப் போயிடறேன். உங்க ஆளு வந்து பார்த்துட்டுப் போகட்டும். விஷயம் முடிஞ்சது."

நல்ல யோசனைதான். அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் நாளைக்கு? நாளை மறுநாள்? கடிகாரத்துக்கு இன்னும் எத்தனையோ சக்கரம் பாக்கி. நோய் இருக்கும் மாட்டைச் சந்தையில் சாயம் பூசி நிறுத்துவது போலாகும். அதுவும் தன் வீட்டுச் சந்தையில், தன் புருஷனிடம்.

"வேண்டாம். நீ அஞ்சு மணிக்கு இங்கேயே இருக்கணும். எப்பவும் வைக்கறதைவிடப் பலமா நெருப்பு வைக்கணும்."

வால்ஜி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பாபி, தூங்கலையா மதியம்?"

"தூங்கல. இந்தப் பழைய அடிபம்புக் குழாய் எவ்வளவு ஆழம் போகுது?"

முற்றத்து மூலையில் தலையில்லாத அடிபம்பு ஒன்று நின்றது. நகராட்சித் தண்ணீர் வந்தபிறகு வால்ஜியின் சட்டை காயப்போடும் கம்பம்.

"தண்ணி வரைக்கும் போகுது. முழுக்க இரும்பு."

"அது இனிமே என் எர்த்து."

"அது பொதுச் சொத்தாச்சே! என் சட்டையை நான் எங்க காயப்போடுவேன்?" என்று வால்ஜி பேரத்தைத் தொடங்கினான்.

"சட்டையைக் காயப்போடு. யார் வேணாம்னா?"

"கரண்ட் அடிச்சா?"

"அடிக்காது. அடிச்சா உன் சட்டைக்குப் பதிலா என் கடைப் புடவை ஒண்ணு தரேன், உன் வீட்டுக்காரி கட்டிக்கட்டும்."

"பட்டோலாப் பட்டா?"

"பருத்தி."

"சரி, நான் ஷாக் அடிச்சு விழும்போது சாதாரணமா விழறேன்" என்று சொல்லிக்கொண்டே வால்ஜி தடித்த செம்புக்கம்பி ஒன்றைத் தேடி எடுத்தான். குழாயில் ஓர் இடத்தில் துருவை அரத்தால் ராவிப் பளபளக்கச் செய்து, கவ்வி போட்டு இறுக்கிக் கம்பியை ஜன்னலுக்கு வீசினான். முதல் வீச்சு பாபுஜியின் பால்கனியில் போய் விழுந்தது. "யாருடா கயிறு போட்டு ஏறறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேலே ரசீலாபென் தீபாவளி முடிச்சுகளைக் கத்தரித்தாள். கரண்ட் ஒயர் ஒரு சுவர் ஓரமாகப் போயிற்று. மெல்லிய ஒயர் எதிர்ச்சுவர் ஓரமாக. சமையலறையிலிருந்து, வெளியூர்ப் பயணத்துக்குத் தெப்லா ரொட்டி சுற்றிக் கொடுக்கும் அலுமினியத் தாள் உருளையைக் கொண்டுவந்து, மெல்லிய ஒயரோடு ஒரு வெற்றுக் கம்பியையும் சேர்த்துவைத்து, நுனியிலிருந்து நுனிவரை சுற்றினாள். அந்தக் கம்பியின் ஒரு முனையை மட்டும் புதிய எர்த்தில் சேர்த்தாள். மறுமுனையை வெட்டி விட்டாள். இரண்டு முனையும் பூமியைத் தொட்டால் அதுவே ஒரு சுற்றாகிப் புது வம்பு இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். மிஷினின் உடம்பையும் வால்ஜியின் எர்த்திலிருந்து கழற்றி, அடிபம்புக்கு மாற்றிக் கட்டினாள். அறை பழையபடி அலங்கோலமாயிற்று.

அந்த அலங்கோலத்தில்தான் கிர்தர்பாய் வந்து நின்றார். வழுக்கை, ஐந்து விரலிலும் தன் பட்டறையின் விளம்பரம். பின்னால் சபில்தாஸ்.

"தெப்லாவை எதுக்கு மிஷினுக்குக் கட்டியிருக்கீங்க பென்?" என்றார் கிர்தர்பாய்.

"பசிக்கும்னுதான்" என்றாள் ரசீலாபென். கடைசித் தகட்டைச் சக்கில் பொருத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வால்ஜிபாய்! வை நெருப்பை!"

சபில்தாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நீல ஒளி அறைச் சுவரெல்லாம் தாண்டவமாடியது. மிஷின் வெட்டத் தொடங்கியது. முற்றத்தில் வால்ஜி கேட்டை விட்டுவிட்டு, கையில் கிடைத்த பழைய இரும்பிலெல்லாம் பொறி பறக்க வைத்தான். பருத்திப் புடவைக்கு இவ்வளவு போதும் என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. பித்தளைத் துகள் பொன்மழையாகக் கொட்டியது. பாதி வழியில் விளக்கு ஒரு தரம் மங்கி எழுந்தது. ரசீலாபென் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அரைப்பல் தெரிந்தது.

"முடிஞ்சுது போல" என்றார் சபில்தாஸ், அடங்கிய குரலில்.

கண்ணைத் திறந்தாள். மிஷின் நின்றிருந்தது. சக்கரத்தில் எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடித்தோம் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்?

கிர்தர்பாய் சக்கரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் ரசிகன் போய் வியாபாரி வந்தார். சபில்தாஸின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், காதில் ஒரு தொகையைச் சொன்னார். ரிப்பேர் மிஷினுக்குச் சொன்ன விலை வேறு, இந்த மிஷினுக்குச் சொல்லும் விலை வேறு. சபில்தாஸின் புருவம் உயர்ந்த உயரத்திலிருந்தே ரசீலாபென் தொகையைக் கணக்குப்போட்டுவிட்டாள். தான் பிறந்த குலமும் புகுந்த குலமும் எப்பேர்ப்பட்டவை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மிஷின் கெட்டுக்கிடந்தபோது வாக்கைக் காப்பது சுலபம். குணமானபின் அல்லவா பரீட்சை.

சபில்தாஸ் நெடுநேரம் மூக்கைத் தேய்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"கிர்தர்பாய், நீங்க ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா மிஷினோட என்னையும் சேர்த்துக் குடுத்திருப்பேன். இப்ப வாக்கு குறுக்க நிக்குது. கீழ வாங்க, டீ குடிப்போம்."

"இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரேன்."

"வேண்டாம்பா, ஏத்தாதே. எனக்கு பிரஷர் இருக்கு." படியிறங்கும்போது திரும்பி மனைவியைப் பார்த்தார். "ரசீலா, கிடங்குக்கு வேற ரூம் பார்த்துக்கறேன். அந்த நூல் எண்ணற கண்ணாடியை மட்டும் நாளைக்குத் திருப்பிக் குடு."

அவர்கள் போனதும் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். எதற்கென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லாத சிரிப்பு. கீழே முற்றத்தில் வால்ஜி பழக்கதோஷத்தில் இன்னும் பொறி விட்டுக்கொண்டிருந்தான். விடட்டும்.

பிறகு நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்துச் சக்கரத்தின் விளிம்பில் வைத்து நிதானமாகச் சுற்றினாள். முள் ஆடியது மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. கடிகாரம் பத்துவரை பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் கணக்கு என்று வந்தால் கணக்குதான். சக் மையத்தைவிட்டு விலகியிருப்பது மூன்று. சக்குக்கு உள்ளே இருக்கும் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாத தளர்வு இரண்டு. சூட்டில் தகடு விரிந்தது ஒன்று. கூட்டினால் ஆறு. முள் காட்டுவது ஏழு. மீதி ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. பற்று எழுதி வைத்தாள்: ஒரு பங்கு, பாக்கி.